அணுக்களை எண்ணினால் விடை இடிக்கிறதா? அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

வேதி வாய்பாட்டைப் பார்த்து அணுக்களை எண்ணும்போது விடை தப்பினால், பெரும்பாலோர் முதலிலிருந்து மறுபடி எண்ணுவார்கள். அதே கண், அதே பழக்கம், அதனால் அதே தப்பு விடைதான் திரும்பவும் வரும். இந்த முறை "ரெண்டு தடவை பார்த்துட்டேன், சரியாத்தான் இருக்கு" என்ற தைரியமும் சேர்ந்துகொள்ளும்.

மாணவர்களின் கணக்குகளைத் திருத்தித் திருத்தி நான் பிடித்துக்கொண்ட வழி வேறு. மறுபடி எண்ணாதீர்கள். உங்கள் விடைக்கும் சரியான விடைக்கும் எவ்வளவு வித்தியாசம், எந்தத் தனிமத்தில் வித்தியாசம் என்று முதலில் பாருங்கள். எந்த இடத்தில் சறுக்கினீர்கள் என்பதை அநேகமாக அந்த வித்தியாசமே காட்டிக்கொடுத்துவிடும்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மொத்தத்தை மட்டும் எழுதாமல், தனிமத்துக்கு ஒரு வரி என்று பட்டியல் போட வேண்டும். வெறும் "17" என்று எழுதிய விடையில் பிழையைத் தேட முடியாது. "Al 2, S 3, O 12" என்று இருந்தால் தேடலாம். பட்டியல் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு கீழே படியுங்கள்.

## அறிகுறி: விடை குறைவாக வருகிறது

### ஓரிரண்டு அணுக்கள் மட்டும் குறைந்தால்

எண் இல்லாத குறியீட்டை விட்டிருப்பீர்கள். குறியீட்டின் கீழே எண் எதுவும் இல்லை என்றால் அங்கே 1 இருப்பதாகப் பொருள். NaHCO₃-இல் கண்ணில் படுகிற ஒரே எண் 3 என்பதால் விடை 3 என்று எழுதுபவர்கள் உண்டு. உண்மையில் Na 1, H 1, C 1, O 3, மொத்தம் 6.

சோதனை எளிது. வாய்பாட்டில் எத்தனை பெரிய எழுத்துகள் இருக்கின்றன என்று பாருங்கள். அத்தனை முறை உங்கள் பென்சில் காகிதத்தைத் தொட்டிருக்க வேண்டும்.

### ஒரே தனிமம் இரண்டு இடத்தில் இருந்தால்

CH₃COOH, NH₄NO₃ இரண்டும் இதற்குப் பேர்போனவை. அசிட்டிக் அமிலத்தில் C 2, H 4, O 2, ஆக 8 அணுக்கள். முதல் H₃-ஐ எண்ணிவிட்டு, கடைசியில் தனியாக நிற்கும் H-ஐ விட்டுவிடுவது வழக்கம். அம்மோனியம் நைட்ரேட்டில் நைட்ரஜன் இரண்டு முனையிலும் இருக்கிறது: N 2, H 4, O 3, மொத்தம் 9. எண்ணிய குறியீட்டைப் பென்சிலால் லேசாக அடித்துக்கொண்டே போங்கள். முடிவில் அடிபடாமல் ஏதாவது மிஞ்சினால் அதுதான் விட்டுப்போனது.

### அடைப்புக்குறி இருந்தால்

என் கைக்கு வரும் தவறுகளில் பெரும்பகுதி இங்கேதான் நடக்கிறது. அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

அலுமினியம் சல்பேட்டை எடுத்துக்கொள்வோம்: Al₂(SO₄)₃. சரியான விடை Al 2, S 3, O 12, மொத்தம் 17. உங்களுக்கு வேறு எண் வந்திருந்தால்:

- 7 வந்தால், அடைப்புக்கு வெளியே இருக்கும் 3-ஐப் பார்க்கவே இல்லை.
- 15 வந்தால், 3-ஐ ஆக்சிஜனுக்கு மட்டும் கொடுத்துவிட்டு கந்தகத்தை அம்போ என்று விட்டிருக்கிறீர்கள். அடைப்புக்கு ஒட்டினாற்போல் இருக்கும் குறியீட்டை மட்டும் பெருக்குகிற பழக்கம் இது.
- 12 வந்தால், ஆக்சிஜனில் 4-ஐயும் 3-ஐயும் பெருக்காமல் கூட்டி 7 என்று எழுதியிருப்பீர்கள்.
- 21 வந்தால், 3-ஐ அடைப்புக்கு வெளியே இடப்பக்கம் நிற்கும் அலுமினியத்துக்கும் சேர்த்துப் பெருக்கியாகிவிட்டது.

அடைப்புக்குப் பின்னால் வரும் எண், அடைப்புக்குள் இருக்கும் எல்லாவற்றுக்கும் சொந்தம். வெளியே இருப்பவற்றுக்கு அது சம்பந்தமே இல்லாதது. குழப்பம் தீராவிட்டால் வாய்பாட்டை விரித்தே எழுதிவிடுங்கள்: Al Al SO₄ SO₄ SO₄. அழகாக இருக்காது, ஆனால் தப்பாது. பெருக்கல் கைவரும் வரை இப்படி விரித்து எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடைப்புக்குள் அடைப்பு வந்தால் உள்ளிருந்து வெளியே வாருங்கள். பிரஷ்யன் நீலம் என்ற நிறமியின் வாய்பாடு Fe₄[Fe(CN)₆]₃. முதலில் (CN)₆: C 6, N 6. சதுர அடைப்புக்குள் இதோடு ஓர் இரும்பு. அதை மூன்றால் பெருக்கினால் Fe 3, C 18, N 18. வெளியே இருக்கும் நான்கு இரும்பையும் சேர்த்தால் Fe 7. மொத்தம் 43. உங்களுக்கு 40 வந்திருந்தால் உள்ளே இருக்கும் இரும்பை விட்டிருப்பீர்கள். 39 வந்திருந்தால் வெளியே இருப்பதை விட்டிருப்பீர்கள்.

கரிமச் சேர்மங்களில் அடைப்பு நடுவிலும் வரும். CH₃(CH₂)₄CH₃ என்பது ஹெக்சேன். C 6, H 14, மொத்தம் 20. இங்கே 4 என்பது தனக்கு இடப்பக்கம் இருக்கும் (CH₂)-க்குத்தான், வலப்பக்கத்து CH₃-க்கு அல்ல.

### நடுவில் ஒரு புள்ளி இருந்தால்

படிக நீர் உள்ள உப்புகள், அதாவது படிகத்துக்குள்ளேயே தண்ணீர் மூலக்கூறுகள் சேர்ந்திருப்பவை. மயில் துத்தம், அதாவது நீர் உள்ள காப்பர் சல்பேட்: CuSO₄·5H₂O. சரியான விடை Cu 1, S 1, O 9, H 10, மொத்தம் 21.

- 6 வந்தால், புள்ளிக்குப் பிறகு இருப்பதை எண்ணவே இல்லை.
- 17 வந்தால், 5-ஐ ஹைட்ரஜனுக்கு மட்டும் கொடுத்திருக்கிறீர்கள். H₂O முழுவதும் ஐந்து மடங்காக வேண்டும்.
- 90 வந்தால், புள்ளியைப் பெருக்கல் குறி என்று நினைத்து 6-ஐயும் 15-ஐயும் பெருக்கியிருக்கிறீர்கள். கணக்குப் பாடத்தில் அந்தப் புள்ளிக்கு அந்த வேலை உண்டு. இங்கே அது "கூடவே" என்று மட்டும்தான் சொல்கிறது, அதனால் கூட்டுங்கள்.

படிகாரத்தில் அடைப்பும் புள்ளியும் சேர்ந்தே வரும்: KAl(SO₄)₂·12H₂O. ஆக்சிஜனை இரண்டு தவணையாக எண்ணுங்கள். சல்பேட்டில் 8, நீரில் 12, ஆக 20. மற்றவை K 1, Al 1, S 2, H 24. மொத்தம் 48. இந்த ஒரு வாய்பாடு தடுமாறாமல் வந்துவிட்டால் இந்தப் பகுதியில் உங்களுக்குக் கவலை இல்லை.

பாரிஸ் சாந்து கொஞ்சம் வம்பு பிடித்தது. CaSO₄·½H₂O என்று எழுதினால் "அரை மூலக்கூறு நீர் எங்கே இருக்கும்?" என்ற நியாயமான கேள்வி வரும். எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கி 2CaSO₄·H₂O என்று எழுதிக்கொள்ளுங்கள்: Ca 2, S 2, O 9, H 2, மொத்தம் 15. இந்த எழுத்துமுறையில் முன்னால் நிற்கும் 2 புள்ளி வரைக்கும்தான் செல்லும். ஆனால் ஒரு சமன்பாட்டுக்குள் 2CuSO₄·5H₂O என்று வந்தால், அங்கே 2 முழு உப்புக்கும் பொருந்தும். எது என்று தெரியாவிட்டால் சேர்மத்தின் பெயரைப் பாருங்கள். மயில் துத்தம் ஒரு சல்பேட்டுக்கு ஐந்து நீர் உள்ள பென்டாஹைட்ரேட். ஆகவே அந்த 2 உப்பின் வாய்பாட்டைச் சேர்ந்ததாக இருக்க முடியாது.

## அறிகுறி: விடை கூடுதலாக வருகிறது

### சரியாக இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று வந்தால்

முன்னால் இருக்கும் பெரிய எண்தான் காரணம். 3Ca(NO₃)₂ என்ற வரியில் Ca 3, N 6, O 18, மொத்தம் 27. ஆனால் கேள்வி ஓர் அலகில் எத்தனை என்று கேட்டிருந்தால் விடை 9. எண்ணியது சரி, கேள்வியைப் படித்ததில்தான் பிசகு. வித்தியாசம் முழு மடங்காக இருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம், கேள்வியை மறுபடி படியுங்கள்.

### இரண்டு, மூன்று என்று சில்லறையாகக் கூடினால்

மேலே எழுதிய எண்ணையும் சேர்த்திருப்பீர்கள். SO₄²⁻ அயனியில் அணுக்கள் 5 தான். மேலே இருக்கும் 2− மின்சுமை. PO₄³⁻-உம் 5 தான். குறியீட்டுக்கு முன்னால் மேலே வரும் எண் நிறை எண். ²³⁵UF₆ என்று பார்த்துவிட்டு மிரள வேண்டாம், அதில் ஏழே அணுக்கள். பெயரில் இரும்பு (III) என்று ரோமன் எண் வந்தால் அதுவும் அணுக்களின் எண்ணிக்கை அல்ல.

பழைய காலத்து நூல்களைப் புரட்டினால் மட்டும் இந்தச் சோதனை தலைகீழாகும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுத்துக் குறியீடுகளை முறைப்படுத்திய பெர்சிலியஸ், அணு எண்ணிக்கையைக் குறியீட்டின் மேல்பக்கம்தான் எழுதினார். கீழே எழுதும் வழக்கம் பிறகு வந்தது.

## அறிகுறி: இல்லாத தனிமம் பட்டியலில் நுழைந்துவிட்டது

### பெரிய எழுத்து, சின்ன எழுத்துக் குழப்பம்

தமிழ் எழுத்தில் இந்தப் பேதமே கிடையாது என்பதாலோ என்னவோ, இதை அலட்சியமாக எழுதுபவர்கள் நிறைய. ஒரு பெரிய எழுத்து வந்தால் புதிய தனிமம் தொடங்குகிறது. சின்ன எழுத்து தனக்கு முந்தைய பெரிய எழுத்தோடு ஒட்டியது. விதி இவ்வளவுதான்.

விளைவு மட்டும் சின்னதல்ல. CoCl₂ என்பது கோபால்ட் குளோரைடு, மூன்று அணுக்கள், ஆய்வகத்து உப்பு. COCl₂ என்பது பாஸ்ஜீன், நான்கு அணுக்கள், முதல் உலகப் போரில் ஆளைக் கொன்ற நச்சு வாயு. அதேபோல POCl₃-இல் பாஸ்பரசும் ஆக்சிஜனும் தனித்தனி. அதை Po என்று படித்தால் பொலோனியம் வந்து உட்கார்ந்துகொள்ளும், மொத்தமும் 5-க்குப் பதில் 4 ஆகும். HF-ஐ Hf என்றும் NO-வை No என்றும் எழுதினால் ஹாஃப்னியமும் நொபீலியமும் வரும்.

கையெழுத்தில் C, O, S மூன்றுக்கும் பெரியதும் சின்னதும் ஒரே வடிவம், அளவில்தான் வேறுபாடு. இந்த மூன்றையும் எழுதும்போது சின்னதை உண்மையிலேயே சின்னதாக, பாதி உயரத்துக்கு எழுதப் பழகுங்கள்.

### தட்டச்சில் வந்த வாய்பாடு

H20 என்று இருந்தால் உற்றுப் பாருங்கள், கடைசியில் இருப்பது ஆக்சிஜனா பூஜ்யமா? பூஜ்யமாக இருந்தால், கணக்கிடும் செயலி இருபது ஹைட்ரஜன் என்று எடுத்துக்கொள்ளும் அல்லது பிழை காட்டும். CCl₄-இல் வரும் சின்ன எழுத்து 1 போலவே தெரியும். ஸ்கேன் செய்த பக்கங்களில் அது CC14 ஆகிவிடுவது சகஜம். அப்போது குளோரின் காணாமல் போய் பதினைந்து கார்பன் வரும். நகல் எடுத்து ஒட்டிய வாய்பாட்டில் விடை விபரீதமாக வந்தால், அதை அழித்துவிட்டுக் கையால் தட்டுங்கள்.

### சுருக்கெழுத்து

PhOH, EtOH, MeOH என்று எழுதியிருந்தால் Ph, Et, Me எதுவும் தனிமம் இல்லை. Ph என்பது C₆H₅, Et என்பது C₂H₅, Me என்பது CH₃. ஆகவே PhOH-இல் C 6, H 6, O 1, மொத்தம் 13. கொஞ்சம் விவகாரமானது Ac. கரிம வேதியியலில் அது அசிட்டைல், தனிம அட்டவணையில் ஆக்டினியம். கரிமச் சேர்மத்துக்குள் ஆக்டினியம் வருவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு என்பதால், சந்தேகமின்றி CH₃CO என்றே விரியுங்கள்.

## அறிகுறி: கோடுகளால் ஆன படம் இருக்கிறது, எழுத்தே இல்லை

ஒவ்வொரு முனையிலும் வளைவிலும் ஒரு கார்பன் ஒளிந்திருக்கிறது. கார்பனுக்கு நான்கு பிணைப்புகள். படத்தில் தெரியும் பிணைப்புகள் போக மீதி ஹைட்ரஜன். இரட்டைக் கோட்டை இரண்டாக எண்ணுங்கள். உள்ளே மூன்று இரட்டைக் கோடுகள் கொண்ட அறுகோணம் பென்சீன், C₆H₆.

சரிபார்க்க ஒரு குறுக்குவழி: C, H, O மட்டும் உள்ள மூலக்கூறில் ஹைட்ரஜன் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையாக இருக்கும். ஆஸ்பிரின் C₉H₈O₄, குளுக்கோஸ் C₆H₁₂O₆, சர்க்கரை C₁₂H₂₂O₁₁. உங்களுக்கு 7 அல்லது 9 என்று ஒற்றைப்படை வந்தால் எங்கோ ஹைட்ரஜன் எண்ணிக்கை தப்பியிருக்கிறது. நைட்ரஜனோ, குளோரின் போன்ற ஹாலோஜனோ உள்ளே வந்தால் இதை அப்படியே நம்பக் கூடாது. அயனிக்கும் இது பொருந்தாது.

## அறிகுறி: பட்டியல் சரியாகத் தெரிகிறது, ஆனால் மூலக்கூறு நிறை இடிக்கிறது

இது எனக்குப் பிடித்த அறிகுறி. நிறையில் வரும் வித்தியாசத்தைப் பார்த்தே பிழையின் பெயரைச் சொல்லிவிடலாம். Ca(OH)₂-இன் நிறை 74.

- 57 வந்தால் 17 குறைகிறது. அது ஒரு முழு OH. அடைப்புக்கு வெளியே இருக்கும் 2 விடுபட்டது.
- 58 வந்தால் 16 குறைகிறது. அது ஓர் ஆக்சிஜன். 2-ஐ ஹைட்ரஜனுக்கு மட்டும் கொடுத்தீர்கள்.
- 73 வந்தால் 1 குறைகிறது. அது ஒரு ஹைட்ரஜன். 2-ஐ ஆக்சிஜனுக்கு மட்டும் கொடுத்தீர்கள்.

வித்தியாசம் 18-இன் மடங்காக இருந்தால் முதலில் படிக நீரைச் சந்தேகியுங்கள். மயில் துத்தத்துக்கு 249.5-க்குப் பதில் 159.5 வந்தால் வித்தியாசம் 90, அதாவது ஐந்து நீர் மூலக்கூறுகள். விடை ஏறக்குறைய பாதியாக வந்தால் நிறைக்குப் பதில் அணு எண்ணை எடுத்துப் போட்டிருப்பீர்கள். தண்ணீருக்கு 18 வராமல் 10 வந்தால் ஆக்சிஜனுக்கு 16 போடாமல் 8 போட்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

## அறிகுறி: சமன்பாடு சமன் ஆக மறுக்கிறது

முதல் சந்தேகம் ஆக்சிஜன் மேல். C₃H₈ + 5O₂ → 3CO₂ + 4H₂O என்பதில் வலப்பக்கம் ஆக்சிஜன் இரண்டு சேர்மங்களில் பிரிந்து கிடக்கிறது: 6-உம் 4-உம் சேர்ந்து 10. ஒன்றை மட்டும் எண்ணினால் சமன் ஆகவே ஆகாது.

இரண்டாவது, கீழே இருக்கும் எண்ணில் கைவைத்தீர்களா என்று பாருங்கள். ஓர் ஆக்சிஜன் போதவில்லை என்று H₂O-வை H₂O₂ ஆக்கினால் எண்ணிக்கை சமன் ஆகிவிடும். ஆனால் தண்ணீர் ஹைட்ரஜன் பெராக்சைடாக மாறியிருக்கும். முன்னால் இருக்கும் எண்ணை மட்டுமே மாற்ற உங்களுக்கு உரிமை.

## அறிகுறி: கிராமில் கொடுத்தால் மட்டும் விடை தப்புகிறது

9 கிராம் தண்ணீரில் எத்தனை அணுக்கள்? 9-ஐ 18-ஆல் வகுத்தால் 0.5 மோல். ஒரு மோலில் இருக்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கையான அவகாட்ரோ எண் 6.022 × 10²³-ஆல் பெருக்கினால் 3.011 × 10²³ மூலக்கூறுகள். ஒவ்வொன்றிலும் 3 அணுக்கள், ஆக 9.033 × 10²³.

விடை மூன்றில் ஒரு பங்காக வந்தால் மூலக்கூறோடு நிறுத்திவிட்டீர்கள். 10-இன் அடுக்கில் கழித்தல் குறி வந்தால் பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்திருக்கிறீர்கள். கண்ணுக்குத் தெரிகிற எந்தப் பொருளிலும் ஒன்றுக்கும் குறைவான அணு இருக்காது. அந்த விடையைப் பார்த்த உடனே சந்தேகம் வர வேண்டும்.

## எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் சரியாகவில்லை

அப்படியானால் வாய்பாடே தப்பாக இருக்கலாம். NaSO₄ என்று எழுதிக்கொண்டு எவ்வளவு கவனமாக எண்ணினாலும் பயன் இல்லை. சோடியத்தின் மின்சுமை +1, சல்பேட்டுக்கு −2. கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும், வரவில்லை. சரியானது Na₂SO₄. இந்தச் சோதனையிலும் தெளிவு வராவிட்டால் சேர்மத்தின் பெயரைப் பப்கெம் போன்ற தரவுத்தளத்தில் தேடி, அங்கே இருக்கும் வாய்பாட்டோடு ஒப்பிடுங்கள்.

ஆசிரியரிடமோ வேதியியல் தெரிந்தவரிடமோ நேராகப் போக வேண்டிய இடங்களும் உண்டு. Fe₀.₉₅O என்று தசம எண் வந்தால் அது அச்சுப் பிழையாக இருக்க வேண்டியதில்லை, அந்த இரும்பு ஆக்சைடு உண்மையிலேயே அப்படிப்பட்டது. (Mg,Fe)₂SiO₄ என்று அடைப்புக்குள் காற்புள்ளி வந்தால் அந்த இரண்டு இடங்களையும் மக்னீசியமும் இரும்பும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டு என்று எண்ணக் கூடாது. பாலிஎத்திலீன் போல (C₂H₄)ₙ என்று வந்தால் ஓர் அலகில் 6 அணுக்கள் என்பதற்கு மேல் வாய்பாட்டிலிருந்து எதுவும் சொல்ல முடியாது. n எவ்வளவு என்பதை அளந்தவர்தான் சொல்ல வேண்டும்.

தாளில் செய்த தவறு மதிப்பெண்ணோடு போய்விடும். தராசுக்கு முன்னால் நிற்கும்போது அப்படி இல்லை. 0.1 மோல் காப்பர் சல்பேட் வேண்டும் என்றால், படிக நீர் உள்ளதில் 24.95 கிராம் எடுக்க வேண்டும், நீரற்றதில் 15.95 கிராம். பாட்டிலில் பெயர் மட்டும் இருந்து, புள்ளிக்குப் பிந்தைய பகுதி அழிந்தோ கிழிந்தோ போயிருந்தால் ஊகித்து நிறுக்காதீர்கள். நீலமாக இருந்தால் நீர் உள்ளது, வெளுத்திருந்தால் நீரற்றது என்று இந்த ஓர் உப்பில் நிறம் உதவும். அதுவும் பாதி வெளுத்திருந்தால் உதவாது. மற்ற பல உப்புகள் இரண்டு நிலையிலும் ஒரே வெள்ளைதான். ஆய்வகப் பொறுப்பாளரைக் கூப்பிட்டு, எது என்று உறுதி செய்த பிறகு கரண்டியை உள்ளே விடுங்கள்.